ஆளுநரை யார் தேர்ந்தெடுப்பது? அமெரிக்க மாநிலங்கள் தொடக்கத்தில் பட்ட பாடு

அமெரிக்க வரலாற்றைப் புதிதாகப் படிக்கத் தொடங்குகிற நம்மவர்களை முதலில் குழப்புகிற சொல் 'ஆளுநர்' என்பதுதான். நமக்கு ஆளுநர் என்றால் டெல்லியில் நியமனம் ஆகி வருபவர், ஆண்டுக்கு ஒருமுறை சட்டமன்றத்தில் உரை வாசிப்பவர், அவ்வப்போது ஏதாவது மசோதாவைக் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்து செய்தியில் அடிபடுபவர். அமெரிக்காவில் மாநில ஆளுநர் ஏறக்குறைய நம் முதலமைச்சர் இடத்தில் இருப்பவர். நிர்வாகத்துக்குத் தலைவர் அவர்தான், இன்று அவரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அந்த நாடு பிறந்த 1776ல் பெரும்பாலான மாநிலங்களில் அந்த வழக்கம் கிடையாது. சில மாநிலங்கள் அங்கே வந்து சேர எழுபது எண்பது ஆண்டுகள் ஆயின, ஒன்றுக்கு ஏறக்குறைய தொண்ணூறு.

ஏன் இவ்வளவு தயக்கம்? இங்கிலாந்துக்கு எதிரான புரட்சிக்கு முன்பு அவர்கள் பார்த்த ஆளுநர்கள் அப்படி. பின்னால் மாநிலங்கள் ஆன பதின்மூன்று குடியேற்றங்களில் எட்டுக்கு இங்கிலாந்து அரசனே ஆளுநரை நியமித்தான். பென்சில்வேனியா, டெலவேர், மேரிலாந்து மூன்றும் பட்டயம் பெற்ற குடும்பங்களின் சொத்து மாதிரி. பென் குடும்பமும் கால்வர்ட் குடும்பமும் தங்களுக்கு வேண்டியவரை ஆளுநர் ஆக்கின. மிச்சம் இரண்டே இரண்டு, கனெடிகட்டும் ரோட் ஐலண்டும்தான், 1662லும் 1663லும் வாங்கிய பழைய சாசனங்களின் பலத்தில் தங்கள் ஆளுநரைத் தாங்களே ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்து வந்தன.

அரசன் அனுப்பிய ஆளுநர் என்ன செய்வார் என்பதற்கு வர்ஜீனியாவின் டன்மோர் பிரபு நல்ல உதாரணம். 1774ல் பாஸ்டன் துறைமுகத்தை இங்கிலாந்து மூடியபோது, அந்த ஊருக்காக ஒரு நாள் உண்ணாநோன்பு இருந்து பிரார்த்தனை செய்வோம் என்று வர்ஜீனியா சபை ஒரு தீர்மானம் போட்டது. அவ்வளவுதான், டன்மோர் சபையையே கலைத்துவிட்டார். உறுப்பினர்கள் வெளியே வந்து, வில்லியம்ஸ்பர்க்கில் இருந்த ராலே விடுதியில் உட்கார்ந்து கூட்டத்தைத் தொடர்ந்தார்கள். அடுத்த ஆண்டே டன்மோர் ஊரைவிட்டு ஒரு போர்க்கப்பலுக்கு ஓட வேண்டியதாயிற்று, அது தனிக் கதை. சபையைக் கலைக்கலாம், மசோதாவைத் தடுக்கலாம், ஆனால் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்கிற இந்த மூன்றும் சேர்ந்த ஓர் ஆளைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள்தான் 1776ல் பேனாவை எடுத்துக்கொண்டு புதிய அரசமைப்புகளை எழுத உட்கார்ந்தார்கள்.

சூடு கண்ட பூனை என்ன செய்யும்? ஆளுநர் பதவியை வைத்துக்கொண்டார்கள், பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். அவரைத் தேர்ந்தெடுக்கும் வேலையைச் சட்டமன்றத்திடம் கொடுத்தார்கள்.

வர்ஜீனியாவையே பார்ப்போம், மற்ற தென் மாநிலங்கள் பலவும் கிட்டத்தட்ட இதே அச்சுதான். 1776 ஜூன் 29 அன்று ஏற்ற அரசமைப்பின்படி, சட்டமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து வாக்குச்சீட்டுப் போட்டு ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும். பதவிக்காலம் ஓராண்டு. தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் இருக்க முடியாது, இருந்தால் அடுத்த நான்கு ஆண்டுகள் ஒதுங்கி இருக்க வேண்டும். சபையைக் கலைக்கும் அதிகாரம் இல்லை, மசோதாவைத் தடுக்கும் வீட்டோ அதிகாரமும் இல்லை. எட்டுப் பேர் கொண்ட ஓர் ஆலோசனைக் குழு பக்கத்திலேயே இருக்கும், அவர்கள் ஆலோசனை இல்லாமல் முக்கியமாக எதுவும் செய்ய முடியாது. அன்றைக்கே நடந்த முதல் தேர்தலில் பேட்ரிக் ஹென்றிக்கு 60 ஓட்டு, தாமஸ் நெல்சனுக்கு 45, ஜான் பேஜுக்கு ஒன்றே ஒன்று. இதில் வேடிக்கை, வீட்டோ இல்லாத ஆளுநர் வெறும் நிழல் என்று அந்தச் சபையில் வாதாடித் தோற்றவர் இதே ஹென்றிதான். தோற்ற கையோடு அந்த நிழல் பதவியில் அவரையே உட்கார வைத்தார்கள்.

வட கரோலினாவிலும் ஓராண்டுதான், இரு அவைகளும் சேர்ந்துதான் தேர்வு. அந்த மாநிலத்து அரசமைப்பை எழுதி முடித்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு பிரதிநிதியிடம், ஆளுநருக்கு என்ன அதிகாரம் கொடுத்தீர்கள் என்று யாரோ கேட்க, தன் சம்பளத்துக்கு ரசீது எழுதிக் கையெழுத்துப் போடும் அதிகாரம் என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, விஷயம் உண்மை.

பென்சில்வேனியா இன்னும் ஒரு படி மேலே போய் ஆளுநரே வேண்டாம் என்றது. பன்னிரண்டு பேர் கொண்ட நிர்வாகக் குழு ஒன்று, பிலடெல்பியா நகரத்துக்கு ஒருவர், கவுண்டிக்கு ஒருவர். (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி ஒரு பிரிவு.) அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரைச் சட்டமன்றமும் குழுவும் சேர்ந்து ஆண்டுதோறும் 'தலைவர்' ஆக்கும். 1785ல் 79 வயது பெஞ்சமின் பிராங்க்ளின் அந்தத் தலைவர் பதவிக்கு வந்து மூன்று ஆண்டுகள் இருந்தார். டெலவேர், தென் கரோலினா, நியூ ஹாம்ப்ஷயர் மூன்றும்கூட முதலில் 'ஆளுநர்' என்ற சொல்லையே தவிர்த்து 'தலைவர்' என்றுதான் அழைத்தன. சொல்லே கசந்துபோயிருந்தது என்று நினைக்கிறேன்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் போர் வந்தபோது வெளியே தெரிந்தது. 1779ல் வர்ஜீனியா சட்டமன்றம் தாமஸ் ஜெஃபர்சனை ஆளுநர் ஆக்கியது. முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல், இரண்டாவது சுற்றில் 67க்கு 61 என்று ஜான் பேஜைத் தாண்டி வந்தார். 1781 ஜூன் 2 அன்று அவருடைய இரண்டாவது ஓராண்டு முடிந்தது. அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய சட்டமன்றமோ ஆங்கிலேயப் படைக்குப் பயந்து சார்லட்ஸ்வில்லுக்கு இடம் மாறியிருந்தது. ஜூன் 4 அன்று டார்ல்டனின் குதிரைப்படை அங்கேயும் வந்துவிட, உறுப்பினர்கள் மலையைத் தாண்டி ஸ்டான்டன் ஊருக்கு ஓடினார்கள். ஜெஃபர்சனும் மயிரிழையில் தப்பினார். ஜூன் 12ல்தான் ஒருவழியாகக் கூடி தாமஸ் நெல்சனைத் தேர்ந்தெடுத்தார்கள் (முன்பு ஹென்றியிடம் தோற்றவர் இவருடைய சித்தப்பா, பெயர் ஒன்றே). நாட்டின் மிகப் பெரிய மாநிலத்துக்குள் எதிரிப்படை சுற்றிக்கொண்டிருந்த பத்து நாட்கள், ஆளுநர் என்று ஒருவர் இல்லை. ஜெஃபர்சன் பின்னால் இந்த அரசமைப்பைப் பற்றி எழுதும்போது, எல்லா அதிகாரமும் கடைசியில் சட்டமன்றத்திடம்தான் போய்ச் சேர்கிறது, 173 கொடுங்கோலர்கள் ஒரே கொடுங்கோலன் அளவுக்குக் கொடுமை செய்வார்கள் என்று கடுப்பாகவே எழுதினார்.

சரி, மக்களிடமே விட்ட மாநிலங்கள் எவை? கனெடிகட்டும் ரோட் ஐலண்டும் பழையபடியே தொடர்ந்தன. அரசன் பெயரை மட்டும் அடித்துவிட்டு அதே சாசனத்தையே அரசமைப்பாக வைத்துக்கொண்டன, ஒன்று 1818 வரைக்கும் மற்றது 1840கள் வரைக்கும். கனெடிகட்டின் ஜொனாதன் ட்ரம்புல் 1769லேயே ஆளுநர் ஆனவர், புரட்சி வந்தபோது அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே இந்தப் பக்கம் வந்து 1784 வரை ஆண்டார்.

புதிதாகத் துணிந்தது நியூயார்க். 1777 ஏப்ரலில் எழுதிய அரசமைப்பில், ஆளுநரை மக்கள் நேரடியாக, வாக்குச்சீட்டு மூலம், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுப்பார்கள் என்று வைத்தார்கள். 'மக்கள்' என்றதும் உடனே சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். 100 பவுண்டு மதிப்புள்ள நிலம் சொந்தமாக இருந்தால்தான் ஆளுநர் தேர்தலில் ஓட்டு. கீழவைக்கு 20 பவுண்டு நிலம் போதும், குத்தகைக்காரருக்கும் இடம் உண்டு. அதாவது தன் ஊர்ப் பிரதிநிதிக்கு ஓட்டுப் போடும் ஒருவர், அதே தேர்தலில் ஆளுநருக்குப் போட முடியாது. ஒரே ஆளுக்குப் பாதி ஓட்டுரிமை!

அந்த முதல் தேர்தல் 1777 ஜூனில், போரின் நடுவே நடந்தது. நியூயார்க் நகரமும் லாங் ஐலண்டும் ஆங்கிலேயர் பிடியில் இருந்ததால் அங்கே ஓட்டே இல்லை. மாநிலத்தின் பெரிய நிலவுடைமைக் குடும்பங்கள் எல்லாம் தளபதி பிலிப் ஸ்கைலர்தான் ஜெயிப்பார் என்று நம்பியிருந்தன. ஜெயித்தவர் ஜார்ஜ் கிளிண்டன், அந்த வட்டத்தைச் சேராத ஒரு படைத்தலைவர். இவருடைய குடும்பப் பின்னணிக்கு இவ்வளவு உயர்ந்த இடம் பொருந்தாது என்கிற தொனியில் ஸ்கைலர் ஜான் ஜேவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிளிண்டன் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. தொடர்ந்து பதினெட்டு ஆண்டுகள், அப்புறம் இன்னொரு மூன்று ஆண்டுகள் என்று மொத்தம் 21 ஆண்டுகள் ஆளுநராக இருந்தார். சட்டமன்ற உறுப்பினர்கள் மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால் இவர் வந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்து 1780ல் மாசசூசெட்ஸ். இங்கே ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் மாதம் தேர்தல். ஓட்டுப் போட 60 பவுண்டு சொத்தோ, ஆண்டுக்கு 3 பவுண்டு வருமானம் தரும் நிலமோ வேண்டும். ஆளுநராக நிற்பவருக்கு 1,000 பவுண்டு நிலம் இருக்க வேண்டும், அவர் கிறிஸ்தவராகவும் இருக்க வேண்டும். (இதுவாவது பரவாயில்லை. தென் கரோலினா 1778ல் அந்த மாநிலத்துப் பணத்தில் 10,000 பவுண்டுக்குக் கடன் இல்லாத தோட்டம் கேட்டது, அதோடு புராட்டஸ்டண்டாகவும் இருக்க வேண்டும் என்றது.) மக்களிடம் ஓட்டு வாங்கி வந்தவர் என்பதால் மாசசூசெட்ஸ் ஆளுநருக்கு வீட்டோ கொடுக்கப் பயப்படவில்லை, அவர் தடுத்த மசோதாவை இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு மீண்டும் நிறைவேற்றிக்கொள்ளலாம். எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. சட்டமன்றத்தின் தயவில் வந்தவரால் சட்டமன்றத்தைத் தடுக்க முடியாது. தனியாக மக்களிடம் போய் வந்தவரால் முடியும். இன்றைக்கு அமெரிக்க ஜனாதிபதியிடம் நாம் பார்க்கிற வீட்டோவுக்கு அச்சு மாசசூசெட்ஸ்தான். 1787ல் பிலடெல்பியாவில் தேசிய அரசமைப்பை எழுதக் கூடியபோது, ஜனாதிபதியை மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று வாதாடிய ஜேம்ஸ் வில்சன் சாட்சிக்கு அழைத்ததும் இந்த இரண்டு மாநிலங்களைத்தான், நியூயார்க்கிலும் மாசசூசெட்ஸிலும் அது நன்றாகவே நடக்கிறதே என்றார். அவர் கேட்டது கிடைக்கவில்லை.

இப்போது நமக்குப் பழக்கமில்லாத ஒரு விதி. நம் ஊரில் எட்டுப் பேர் நின்றால், அதில் யார் அதிகம் வாங்கினாரோ அவர் ஜெயித்தார், 30 சதவீதமாக இருந்தாலும் கவலையில்லை. மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், கனெடிகட், வெர்மான்ட் ஆகிய வடகிழக்கு மாநிலங்களில் அப்படி ஏற்றுக்கொள்ளவில்லை. பதிவான மொத்த ஓட்டில் பாதிக்கு மேல் வாங்கினால்தான் வெற்றி. வாங்காவிட்டால் மறுதேர்தல் கிடையாது, விஷயம் சட்டமன்றத்துக்குப் போகும். மாசசூசெட்ஸில் என்றால், அதிகம் வாங்கிய நான்கு பேரிலிருந்து கீழவை இருவரை எடுத்துக் கொடுக்கும், அந்த இருவரில் ஒருவரை மேலவை தேர்ந்தெடுக்கும். கதவு வழியாக வெளியே அனுப்பிய சட்டமன்றம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

ஜான் ஹான்காக் நிற்கும்போது இந்தச் சிக்கல் வரவே இல்லை, அவ்வளவு செல்வாக்கு. 1785ல் அவர் விலகிக்கொண்டார், ஓட்டுகள் சிதறின, யாருக்கும் பாதி வரவில்லை. சட்டமன்றம் ஜேம்ஸ் போடினைத் தேர்ந்தெடுத்தது. அவர் காலத்தில்தான் கடனில் மூழ்கிய மேற்குப் பகுதி விவசாயிகள் டேனியல் ஷேஸ் தலைமையில் கிளர்ந்தெழுந்தார்கள், அவர் படையனுப்பி ஒடுக்கினார். 1787 தேர்தலில் ஹான்காக் மறுபடியும் நிற்க, 18,459க்கு 6,394 என்று போடினை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெர்மான்ட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. 1778லிருந்து தொடர்ந்து ஆளுநராக இருந்த தாமஸ் சிட்டென்டன் 1789லும் மற்றவர்களைவிட அதிகம் வாங்கினார், ஆனால் பாதியைத் தாண்டவில்லை; ஒரு நில விவகாரத்தில் அவர் மேல் கோபமாக இருந்த சட்டமன்றம் மோசஸ் ராபின்சனை ஆளுநர் ஆக்கிவிட்டது. மறு ஆண்டு மக்கள் சிட்டென்டனையே திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இந்தப் 'பாதிக்கு மேல்' விதியின் உச்சம் 1839ல். கொஞ்சம் பிந்தைய காலம்தான், இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மார்கஸ் மார்ட்டன் என்பவர் 1828லிருந்து ஆண்டுதோறும் மாசசூசெட்ஸ் ஆளுநர் பதவிக்கு நின்று ஆண்டுதோறும் தோற்றுக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு மொத்தம் பதிவான ஓட்டு 1,02,066. அதில் சரி பாதி 51,033. மார்ட்டன் வாங்கியது 51,034. ஒரே ஒரு ஓட்டு குறைந்திருந்தால் விஷயம் சட்டமன்றத்துக்குப் போயிருக்கும். எதிர்த்து நின்ற எட்வர்ட் எவரெட் பதவியில் இருந்தவர், வழக்கு வம்பு என்று இழுக்காமல் விட்டுக்கொடுத்துவிட்டார்.

யார் ஓட்டுப் போடுவது, எத்தனை ஓட்டு வேண்டும் என்பதோடு மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. போட்ட ஓட்டை யார் எண்ணுவது? முதல் இரண்டையும் பற்றி வாதாடின அளவுக்கு இதைப் பற்றி அவர்கள் யோசிக்கவில்லை, 1792ல் நியூயார்க் அதற்கு விலை கொடுத்தது.

மாசசூசெட்ஸில் ஓட்டு அந்தந்த ஊர்க் கூட்டத்திலேயே எண்ணப்படும். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், எல்லோரும் பார்க்க, ஊர் எழுத்தர் எண்ணிப் பட்டியல் எழுதி முத்திரை வைத்து மேலே அனுப்புவார். நியூயார்க்கில் எண்ணாத சீட்டுகளே பெட்டியோடு பயணம் போகும். ஊர்களிலிருந்து பெட்டிகள் கவுண்டியின் சட்ட ஒழுங்கு அதிகாரியான ஷெரிஃபுக்கு, ஷெரிஃபோ அவரால் முறைப்படி நியமிக்கப்பட்ட துணை ஷெரிஃபோ அதை மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு, அங்கே சட்டமன்றம் நியமித்த பன்னிரண்டு பேர் கொண்ட குழு எண்ணும். எண்ணி முடித்ததும் சீட்டுகளை அழித்துவிட வேண்டும். காடும் மலையும் தாண்டி வண்டியில் வருகிற பெட்டிகள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1792ல் கிளிண்டனை எதிர்த்து நின்றவர் ஜான் ஜே. அப்போது அவர் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி, பதவியில் இருந்துகொண்டே நின்றார், அன்று அது தவறாகப் படவில்லை. மூன்று கவுண்டிகளிலிருந்து வந்த பெட்டிகளில் தகராறு. ஒட்செகோ கவுண்டியில் பெட்டிகளை வாங்கி அனுப்பிய ஷெரிஃபின் பதவிக்காலம் முடிந்திருந்தது, புதிதாக நியமிக்கப்பட்டவர் இன்னும் உறுதிமொழி எடுக்கவில்லை. அப்படியானால் அன்று அங்கே ஷெரிஃப் யார்? டயோகா கவுண்டியில் பெட்டியைக் கொண்டுவந்த துணை ஷெரிஃப் வழியில் நோயில் விழ, அவருடைய எழுத்தர் கொண்டுவந்து சேர்த்தார். கிளிண்டன் என்றே பெயர் கொண்ட கவுண்டியில் பெட்டியைக் கொண்டுவந்தவருக்கு எழுத்துப்பூர்வமான நியமனம் இல்லை. ஓட்டுகளில் கள்ளம் இருந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை, பெட்டியைத் தூக்கி வந்த கை சரியில்லை என்பதுதான் வாதம். ஒட்செகோவில் ஜேவுக்குப் பெரும் ஆதரவு என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே பெரிய நிலவுடைமையாளரான வில்லியம் கூப்பர் தன்னிடம் நிலம் வாங்கியவர்களை ஜேவுக்கு ஓட்டுப் போடச் சொல்லி நெருக்கினார் என்று ஒரு புகாரும் இருந்தது, ஆக இந்தப் பக்கமும் முழுச் சுத்தம் என்று சொல்வதற்கில்லை.

எண்ணும் குழு, மாநிலத்தின் சார்பில் தேசிய மேலவையில் இருந்த இரண்டு செனட்டர்களிடமும் சட்டக் கருத்துக் கேட்டது. ரூஃபஸ் கிங் எண்ணலாம் என்றார், ஏரன் பர் எண்ணக் கூடாது என்றார். குழுவில் கிளிண்டன் ஆதரவாளர்களே அதிகம். மூன்று கவுண்டிகளின் ஓட்டுகளையும் தள்ளிவிட்டார்கள். மிச்சத்தை எண்ணியபோது கிளிண்டனுக்கு 8,440, ஜேவுக்கு 8,332. வித்தியாசம் 108. சட்டப்படி சீட்டுகள் அழிக்கப்பட்டன, மறுபடி எண்ணிப் பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. ஊர் ஊராக ஜேவை உண்மையான ஆளுநர் என்று வாழ்த்திக் கூட்டம் போட்டார்கள், கொதித்தார்கள். ஜே கொதிக்கவில்லை. இன்னும் சில ஆண்டுகளில் எல்லோரும் மண்ணுக்குள் போய்விடுவோம், அப்போது நான் மாநிலத்தை ஆண்டேனா என்பதைவிட என்னை நானே ஆண்டேனா என்பதுதான் பெரிது என்ற பொருளில் மனைவிக்குக் கடிதம் எழுதிவிட்டு வேலையைப் பார்த்தார். 1795ல் கிளிண்டன் நிற்கவில்லை. ஜே அப்போது இங்கிலாந்தில் உடன்படிக்கை பேசிக்கொண்டிருந்தார், ஊரிலேயே இல்லை, திரும்பி வந்து இறங்கியபோது அவர் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்.

நடுவழி ஒன்றையும் ஒரு மாநிலம் முயன்று பார்த்தது. 1792ல் பிறந்த கென்டக்கி, மக்களும் வேண்டாம் சட்டமன்றமும் வேண்டாம் என்று, மக்கள் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் கூடி ஆளுநரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்றது. முதல் முறை ஐசக் ஷெல்பி, சிக்கல் இல்லை. 1796ல் பெஞ்சமின் லோகனுக்கு 21, ஜேம்ஸ் காரர்டுக்கு 17, தாமஸ் டாடுக்கு 14, ஜான் பிரௌனுக்கு 1. பாதிக்கு மேல் வேண்டுமா, அதிகம் வாங்கினால் போதுமா என்று அரசமைப்பில் எழுத மறந்திருந்தார்கள்! தேர்வாளர்கள் தாங்களாகவே இரண்டாம் சுற்று வைத்தார்கள், காரர்ட் ஜெயித்தார், லோகன் முறையிட்டார், தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் தனக்கு உண்டு என்று யாரும் முன்வரவில்லை. 1799ல் அரசமைப்பையே மாற்றி நேரடித் தேர்தலுக்கு வந்தார்கள். அதிலும் வாக்குச்சீட்டு இல்லை. அதிகாரி முன்னால் நின்று யாருக்கு ஓட்டு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பக்கத்தில் உங்கள் கடன்காரர் நின்றுகொண்டிருந்தாலும்.

இதற்குள் காற்று மாறிவிட்டது. பென்சில்வேனியா 1790ல் அந்தப் பன்னிரண்டு பேர் குழுவைத் தூக்கிப்போட்டுவிட்டு, வீட்டோ உள்ள, மூன்றாண்டு ஆளுநரை மக்களிடம் விட்டது. முதல் தேர்தலில் தாமஸ் மிஃப்ளின் 27,725, ஆர்தர் செயின்ட் கிளேர் 2,802, போட்டி என்றே சொல்ல முடியாது. டெலவேர் 1792ல் வந்தது. புதிதாகச் சேர்ந்த டென்னசி 1796லும் ஒஹாயோ 1803லும் பிறக்கும்போதே நேரடித் தேர்தலோடு பிறந்தன. ஒஹாயோ ஆளுநருக்கு வீட்டோ கொடுக்கவில்லை, ஏனென்றால் அது மாநிலம் ஆவதற்கு முன்பு அங்கே நியமன ஆளுநராக இருந்து வெறுப்பைச் சம்பாதித்தவர் இதே செயின்ட் கிளேர்.

மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி என்பதில் இன்னொரு வசதி இருந்தது, 1812ல் மாசசூசெட்ஸில் அது தெரிந்தது. ஆளுநர் எல்பிரிட்ஜ் கெரியின் கட்சி, மேலவைத் தொகுதிகளின் எல்லையைத் தனக்குச் சாதகமாகக் கோணல்மாணலாக வெட்டியது, அவரும் கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு தொகுதி சலமாண்டர் பல்லி மாதிரி இருக்கிறது என்று பத்திரிகைகள் கேலி செய்ய, அவர் பெயரைச் சேர்த்து 'கெரிமாண்டர்' என்ற சொல் பிறந்தது. ஏப்ரல் தேர்தலில் அந்த வெட்டு வேலை பலித்தது, 40 இடங்களில் 29 கெரியின் கட்சிக்கு. ஆனால் ஆளுநர் தேர்தலுக்கு வெட்டுவதற்கு எல்லைக்கோடு ஏது? காலெப் ஸ்ட்ராங்கிடம் கெரி தோற்றார்.

இதே கணக்குதான் தென் மாநிலங்களில் நேரடித் தேர்தலை அவ்வளவு காலம் தள்ளிப்போட வைத்தது. அங்கே சட்டமன்ற இடங்கள் கடற்கரையோரத்துப் பழைய தோட்ட முதலாளிகள் பக்கம் சாய்ந்திருந்தன. மலைப்பக்கத்தில் புதிதாகக் குடியேறிப் பெருகியவர்களுக்கு எண்ணிக்கை இருந்தது, இடங்கள் இல்லை. ஆளுநரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கும் வரை பழையவர்கள் கைதான் ஓங்கி இருக்கும். ஜார்ஜியா 1825ல் மக்களிடம் விட்டபோது ஜார்ஜ் ட்ரூப் வெறும் 683 ஓட்டில் ஜான் கிளார்க்கை வென்றார். வட கரோலினா 1835ல் கூடிய மாநாட்டில் மாறியது. அதே மாநாடுதான், அதுவரை வரி கட்டியிருந்தால் ஓட்டுப் போட்டுவந்த அடிமையல்லாத கறுப்பினத்தவரின் ஓட்டுரிமையைப் பறித்தது. ஒரு கையால் ஆளுநர் தேர்தலைக் கொடுத்து மறு கையால் அவர்களை வெளியே தள்ளினார்கள், ஒரே கூட்டத்தில். பெண்களும் அடிமைகளும் எந்த மாநிலத்து ஆளுநர் தேர்தலிலும் கணக்கிலேயே இல்லை. நியூ ஜெர்சியில் 1807 வரை சொத்துள்ள மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் ஓட்டுப் போட்டார்கள், ஆனால் அங்கே அப்போது ஆளுநரைத் தேர்ந்தெடுத்தது சட்டமன்றம்.

மேரிலாந்து 1838ல், நியூ ஜெர்சி 1844ல். வர்ஜீனியா, ஹென்றியும் ஜெஃபர்சனும் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்ட வர்ஜீனியா, 1851ல்தான் மக்களிடம் வந்தது, வந்ததும் ஜோசப் ஜான்சன் என்ற மேற்கு மலைப்பக்கத்துக்காரர் ஜெயித்தார். தென் கரோலினா அசையவே இல்லை. உள்நாட்டுப் போரில் தோற்ற பிறகு, 1865ல், புதிய அரசமைப்பு எழுத வேண்டிய கட்டாயம் வந்தபோதுதான் அங்கே முதன்முதலாக ஆளுநருக்கு மக்கள் ஓட்டுப் போட்டார்கள், ஜேம்ஸ் ஆர் வந்தார்.

சொல்லப்போனால் நம் அரசமைப்பு நிர்ணய சபையும் 1947ல் ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றுதான் முதலில் முடிவு செய்திருந்தது. ஆளுநர், முதலமைச்சர் என்று இரண்டு பேரும் மக்களிடம் ஓட்டு வாங்கி வந்தால் மோதிக்கொள்வார்கள் என்ற கவலையில் 1949ல் நியமனத்துக்கு மாறினார்கள்.

வெர்மான்ட்டின் அந்தப் 'பாதிக்கு மேல்' விதி மட்டும் இன்றும் உயிரோடு இருக்கிறது. 2014 தேர்தலில் பதவியில் இருந்த பீட்டர் ஷம்லின் முதலிடம் வந்தார், ஆனால் பாதியைத் தொடவில்லை. 2015 ஜனவரியில் சட்டமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து ரகசியமாகச் சீட்டுப் போட்டு, 110க்கு 69 என்று அவரையே ஆளுநர் ஆக்கின.